மணல் பாட்டிலும் அம்மிக் குழவியும்

பெங்களூரு ஜோகுபாளையத்துச் சந்துகளில் ஓர் அறை, ஒரு சமையலறை, மேலே மொட்டைமாடி என்று இருக்கும் வீடுகள்தான் நிறைய. டிரெட்மில் வைக்க இடம் கிடையாது, அது தேவையும் இல்லை. தூக்குவதற்கான எடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது கையில் நழுவாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

1. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்தால் 1 கிலோ. காய்ந்த மணல் போட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. நம் தெருக்களில் எங்காவது ஒரு கட்டட வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். மேஸ்திரியிடம் கேட்டு இரண்டு படி எம்-சாண்ட் வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் காயவைத்துச் சலித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தரையில் தட்டித் தட்டி நிரப்புங்கள். தட்டாமல் விட்டால் மணல் உள்ளே சரிந்து மணிக்கட்டை இழுக்கும். இடுப்பு ஒடுங்கிய பாட்டில்தான் விரல்களுக்கு வாகு. மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள்.

2. மிக்ஸி வந்தபின் மூலையில் கிடக்கும் அம்மிக் குழவி அருமையான சாமான். இரு முனைகளிலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பத்து பஸ்கி எடுங்கள், தொடை பேசும். தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்கியவர்களின் வம்சம்தானே நாம்! ஈரக் கையோடு தூக்காதீர்கள். கீழே கோணிச்சாக்கை மடித்துப் போடுங்கள். அந்த அம்மியில் கால் வைத்து மெட்டி போட்டுக்கொண்டவர் வீட்டில் இருந்தால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பதுதான் மரியாதை.

3. எடை தெரியாத பொருளைப் பழைய பேப்பர் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்து, சாக்பீஸால் எழுதி வையுங்கள்.

4. இருபது லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோவுக்கு மேல். புதிதாக ஆரம்பிப்பவர் அதைத் தொட வேண்டாம். இரண்டு வாளிகளில் பாதிப் பாதி தண்ணீர் எடுத்துக்கொண்டு மாடியில் நிமிர்ந்து நடங்கள், தோளுக்கும் கைப்பிடிக்கும் அதுவே போதும். முடிந்ததும் செடிகளுக்கு ஊற்றுங்கள். 2024 கோடையில் பெங்களூரு தண்ணீருக்குப் பட்ட பாட்டுக்குப் பிறகு ஒரு குவளையைக்கூடச் சாக்கடையில் விட எனக்கு மனம் வருவதில்லை.

5. பஞ்சர் கடையில் கழித்துப் போட்ட சைக்கிள் டியூப் கிடைக்கும். வால்வு இருக்கும் இடத்தை வெட்டி நீக்குங்கள். இழுத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் வேண்டவே வேண்டாம். ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்கலாம். நான் முதலில் கதவுக் கைப்பிடியில் கட்டினேன். கதவு திறந்துகொண்டு நெற்றியில் மோதியது. தழும்பு இன்னும் இருக்கிறது.

6. நிரந்தரமாக ஒரு டம்பெல் வேண்டுமென்றால், இரண்டு ஒரு லிட்டர் பெயின்ட் டின்கள், ஒரு முழ ஜி.ஐ. பைப், சிமென்ட், மணல், பொடி ஜல்லி. பைப்பின் இரு முனையிலும் துளையிட்டு, குறுக்கே ஒரு போல்ட் செருகுங்கள். இல்லையென்றால் கான்கிரீட் பைப்பைச் சுற்றிச் சுழன்று கழன்றுவிடும். பைப் முனையை டின்னுக்குள் நிறுத்திக் கான்கிரீட் நிரப்புங்கள். ஒரு பக்கம் இறுகிய மறுநாள் அடுத்த பக்கம். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். மொத்தம் ஏறக்குறைய 5 கிலோ நிற்கும்.

7. ஸ்கிப்பிங்குக்கு நைலான் கயிறு போதும். நடுவில் மிதித்து நின்றால் இரு முனையும் அக்குள்வரை வரவேண்டும். கீழே குடித்தனம் இருந்தால் விடியற்காலையில் குதிக்காதீர்கள், கைக்குழந்தை தூங்கும்.

8. பிளாஸ்டிக் நாற்காலியில் கை ஊன்றித் தண்டால் எடுக்காதீர்கள், கால் விரிந்து உடைந்துவிடும். தண்ணீர்க் குழாயில் தொங்காதீர்கள். கேஸ் சிலிண்டரை, காலியாக இருந்தாலும், எடையாகத் தூக்கவே கூடாது.