விளக்கு எரியவில்லையா?

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டு விளக்குகள் அனைத்தும் அணைந்தன. வாசலுக்கு ஓடினேன். தெருவிளக்கு எரிந்தது, பக்கத்து வீட்டிலும் வெளிச்சம். ஆகவே கோளாறு எங்களுடையதே. (தெருவே இருண்டிருந்தால் மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணில், சொல்லலாம். ஒரு விளக்கு மட்டுமென்றால் முதலில் பல்பை மாற்றிப் பார்க்க வேண்டும்.)

பியூஸ் போயிருந்தது. அண்ணன் தடித்த செம்புக் கம்பியை எடுத்து வந்தான். அப்பா தடுத்துவிட்டார். 5 ஆம்பியர் பியூஸ் கம்பி, 230 வோல்ட்டில் 1150 வாட் சுமைக்கு உரியது. மின்சாரம் மிக அதிகமாகப் பாய்ந்தால் அது தான் உருகி, சுவருக்குள் ஓடும் ஒயரைக் காக்கும். தடித்த கம்பியோ உருகாது. ஒயர் சூடேறித் தீப்பிடிக்கும்.

மெயினை அணைத்துவிட்டுக் காரணம் தேடினோம். இஸ்திரிப்பெட்டி ஒயரின் உறை தேய்ந்து, உள்கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அதைக் கழற்றி வைத்த பிறகே அப்பா சரியான கம்பியைக் கட்டினார். விளக்குகள் எரிந்தன. மறுநாள் நான் கசங்கிய சீருடையில்தான் பள்ளிக்கு வந்தேன்!