மிளகுப்புதினா எண்ணெயின் ஊர் அறிதல்

ஐக்கிய அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் மட்ராஸ் என்றொரு சிற்றூர் உண்டு. சென்னைப் பட்டினத்திலிருந்து ஏற்றுமதியான பருத்தித் துணியின் பெயரே அவ்வூருக்கு இடப்பெற்றது என்பர். வாசனைத் தைல வணிகர் "மட்ராஸ் எண்ணெய்" என்று கூறும்போது அவர்கள் குறிப்பது நல்லெண்ணெயை அன்று. அவ்வூரைச் சூழ்ந்த வயல்களில் விளைந்த மிளகுப்புதினாவின் எண்ணெயையே. வில்லமெற், யக்கிமா, இடாகோ முதலிய வட்டாரங்களின் எண்ணெய்களும் இவ்வாறே ஊர்ப்பெயர் சொல்லி விற்கப்பட்டு வந்துள்ளன. ஊர்ப்பெயருக்கு விலை உண்டெனின், அப்பெயர் மெய்யா பொய்யா என்று சோதிக்கவும் ஒரு வழி வேண்டும். அவ்வழியையே இங்கு நோக்குவோம்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். புலம்பெயர்ந்த நாடுகளின் கடைகளில் எமது அன்னையர் சம்பலுக்கு வாங்கும் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ற் எனும் இனமாகும். அதன் மணத்திற்குக் காரணம் கார்வோன் என்ற சேர்வை. பற்பசையிலும் இனிப்புகளிலும் மணக்கும் பெப்பர்மின்ற், அதாவது மிளகுப்புதினா, அந்த ஸ்பியர்மின்றும் நீர்ப்புதினாவும் கலந்து பிறந்த கலப்பினம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோன் ரே என்ற தாவரவியலாளர் இங்கிலாந்தில் இதனைப் பதிவுசெய்தார். இது மலடானது, விதையால் இதனைப் பெருக்க முடியாது. தண்டை வெட்டி நட்டே பயிரிடுகின்றனர். இலண்டனை அடுத்த மிச்சம் என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய "கறுப்பு மிச்சம்" வகையின் வழிவந்த செடிகளே அமெரிக்க வயல்களிலும் பரவின. ஆகவே மட்ராசில் வளர்வதும் யக்கிமாவில் வளர்வதும் ஏறத்தாழ ஒரே செடி எனலாம். செடி ஒன்றாயிருக்க, எண்ணெய் மட்டும் வேறுபடுவது எங்ஙனம்?

விடை இலையில் உள்ளது. மிளகுப்புதினா இலையைக் கைவில்லையால் நோக்கினால் மினுங்கும் சிறு மணிகள் தென்படும். அவையே எண்ணெய்ச் சுரப்பிகள். (தொட்டியில் செடி வைத்திருக்கும் மாணவர்கள் இன்றே பார்க்கலாம்.) இச்சுரப்பிகளில் முதலில் லிமொனீன் தோன்றுகின்றது. அது படிப்படியாக மாறிப் புலகோன் ஆகின்றது. அவ்விடத்தில் பாதை இரண்டாகப் பிரிகின்றது. ஒரு பாதையில் மெந்தோன் உண்டாகி, இலை முதிர முதிர மெந்தோலாக மாறும். மறு பாதையில் மெந்தோபியூரான் உண்டாகும். இது மிகுந்தால் எண்ணெயின் சுவையும் நிறமும் கெடும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொட்னி குரோட்டோ குழுவினர் இப்பாதையை நொதியம் நொதியமாக ஆராய்ந்து வெளிப்படுத்தினர். நீண்ட பகலும் நல்ல ஒளியும் குளிர்ந்த இரவும் முதற்பாதைக்கு உகந்தவை. இரவு வெப்பமாயிருப்பினும், ஒளி குன்றினும், செடி பூத்துவிடினும் மறு பாதை ஓங்கும். அறுவடையைச் சற்று முற்படுத்தினால் மெந்தோன் கூடி மெந்தோல் குறையும். இவ்வாறு அட்சக்கோடு, இரவின் வெப்பநிலை, உழவர் அரிவாள் வைத்த நாள் ஆகிய யாவும் எண்ணெயில் பதிவாகி விடுகின்றன.

இப்பதிவை வாசிக்கும் கருவி வாயு வண்ணப்பிரிகைக் கருவியாகும். 1952இல் ஜேம்ஸ், மார்ட்டின் என்ற இரு அறிஞர் இம்முறையை வெளியிட்டனர். கால் மில்லிமீற்றர் உள்விட்டமும் 30 மீற்றர் நீளமுமுடைய குழாயொன்று சுருளாகச் சுற்றப்பட்டு வெப்ப அடுப்பினுள் வைக்கப்பட்டிருக்கும். ஊசிமுனையளவு எண்ணெய் ஆவியாகி, ஹீலியம் வாயுவோடு அதனுள்ளே செல்லும். நல்லூர்த் திருவிழா வீதியை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்பட்டாலும், கச்சான் கடையிலும் காப்புக் கடையிலும் நின்று நின்று வருபவர் பிந்தியே வீதிமுனையை அடைவார். குழாயின் உட்பூச்சில் ஒவ்வொரு சேர்வையும் வெவ்வேறளவு தங்குவதால், அவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவருகின்றன. ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஒரு முகடு எழும். முகட்டின் பரப்பு அச்சேர்வையின் அளவைக் காட்டும்.

மிகப் பெரிய முகடு மெந்தோலுடையது. ஆயினும் அது அதிகம் பேசுவதில்லை. ஐரோப்பிய மருந்து நியமநூல் மெந்தோல் நூற்றுக்கு 30 முதல் 55 வரையும், மெந்தோன் 14 முதல் 32 வரையும் இருக்கலாம் என்கின்றது. இத்துணை அகன்ற எல்லைக்குள் எவ்வூர் எண்ணெயும் அடங்கும், கலப்படமும் அடங்கும். எமது கருத்தில், இப்பகுப்பாய்வின் சுவையே சின்னஞ்சிறு முகடுகளில்தான் இருக்கின்றது.

உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி முதலிய மாவட்டங்களில் வேறொரு புதினா பெருமளவில் விளைகின்றது. அதன் எண்ணெயைக் குளிரவைத்து மெந்தோல் பளிங்குகளைப் பிரித்தெடுக்கின்றனர். வீடுகளில் தலைவலிக்குப் பூசும் தைலங்களிற் குளிர்ச்சி தருவது மெந்தோலே. (கைக்குழந்தைகளின் மூக்கருகே அதனைப் பூசுதல் ஆபத்து, பெற்றோர் கவனிக்க.) பளிங்கு எடுத்தபின் எஞ்சும் எண்ணெய் மிளகுப்புதினா எண்ணெயைப் பெரிதும் ஒத்திருக்கும், விலையோ குறைவு. அதனைக் கலந்து விற்போர் உளர். ஆனால் அவ்வெண்ணெயில் ஐசோபுலகோல் என்ற சேர்வை கூடுதலாக உண்டு. மிளகுப்புதினா எண்ணெயில் அது நூற்றுக்கு 0.2ஐ விஞ்சலாகாது. அன்றியும், சினியோலின் அளவு லிமொனீனின் அளவைப் போல் இரு மடங்கிற்கு மேற்பட்டதாயிருத்தல் வேண்டும். இவ்விரு சோதனைகளுக்கும் தப்புவது கடினம். அந்த இந்தியப் புதினாவில் குறையொன்றுமில்லை. குறை, போத்தலில் ஒட்டிய பெயரில்தான்.

கலப்படத்தைக் காண்பதினும் ஊரைக் காண்பது கடினமான பணி. அதற்குப் பல முகடுகளையும் ஒருங்கே ஒப்பிட வேண்டும். சமதானிகளும் துணைபுரியும். செடியின் ஐதரசன் அது பருகிய நீரிலிருந்து வருவது. கடலிலிருந்து மேகம் மலைதாண்டி உள்நாடு செல்லச் செல்ல, நிறை கூடிய ஐதரசன் மழையில் முன்னரே இறங்கிவிடும். வில்லமெற் பள்ளத்தாக்கு கஸ்கேட் மலைத்தொடரின் ஈரமான மேற்குப் பக்கத்திலும், மட்ராஸ் அதன் வறண்ட கிழக்குப் பக்கத்திலும் உள்ளன. இவ்வேறுபாட்டின் சாயலை எண்ணெயிலும் தேடலாம். ஆயினும் பெரிய வணிகர் ஆண்டுதோறும் ஒரே சுவை வேண்டிப் பல வட்டார எண்ணெய்களைத் தாமே கலந்து விற்கின்றனர். அவ்வாறு கலந்தபின், மட்ராசின் பங்கு எவ்வளவு என்று வரைபடத்தைக் கொண்டு பிரித்துரைத்தல் மிக அரிது.