தூண்டிலில் பிடித்த மீனைச் சேதமின்றித் திருப்பி விடுதல்

கொல்லிமலைப் பெரியகோவிலூரில் அறப்பளீசுவரர் கோயிலருகே ஓடும் ஐயாற்று மீன்களை மக்கள் தெய்வமாகக் கருதி உணவிடுகின்றனர். அறுத்த மீன் மீண்டும் பொருந்தி உயிர் பெற்றது என்பது அத்தலத்தின் கதை. பண்ணைக்குட்டையில் வளரும் கட்லா, ரோகு, சாதாக் கெண்டை மீன்களுக்கு அப்பேறு இல்லை. வளர்ச்சி பார்க்கவும், உடலில் புண் இருந்தால் படமெடுத்து ஆலோசனை கேட்கவும் பிடிக்கும் மீன், விட்ட பிறகு நீந்திச் சென்றாலும் பின்னர் இறந்துவிடக்கூடும். வலை இழுக்க ஆளின்றித் தனியே தூண்டில் போடும் விவசாயி இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

மீன் ஏன் சாகிறது?

நீரைவிட்டு வெளியே எடுத்ததும் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, மூச்சு நின்றுவிடுகிறது. கனடாவில் வானவில் டிரவுட் மீன்களைக் கொண்டு நடத்தி 1992இல் வெளியான ஆய்வில், களைக்கும் வரை ஓடவிட்டு நீரிலேயே வைத்த மீன்களில் நூற்றுக்கு 12 இறந்தன. களைத்த பின் 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38-ம், 60 விநாடி வைத்தவற்றில் 72-ம் இறந்தன. கெண்டை இதைவிடத் தாங்கும் இனமே. எனினும் பாடம் ஒன்றுதான்: காற்றில் கழியும் ஒவ்வொரு விநாடியும் மீனுக்குக் கேடு.

முன்னேற்பாடு

முதலில் தன் உயிர். பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையின் கரை வழுக்கும். விழுந்தவர் ஏறி வருவது கடினம். கரை மரத்தில் கயிறு கட்டி நீருக்குள் தொங்கவிட வேண்டும். வீட்டில் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும்.

குட்டை நீரில் பிராணவாயு விடியற்காலையில் மிகக் குறைவாக இருக்கும். ஆகவே வெயில் ஏறிய பின், நண்பகல் சூட்டுக்கு முன் பிடிப்பதே நல்லது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும் நாளில் தூண்டில் போடலாகாது.

தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறடால் அழுத்தி மடக்கிவிட்டால் முள் எளிதில் கழன்று வரும். கைவலை, குறடு, குட்டை நீர் நிரப்பிய அகன்ற தொட்டி, அங்குலக் குறியிட்ட பலகை ஆகியவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். கைப்பேசியைக் கழுத்தில் கயிற்றால் மாட்டி, படமெடுக்கத் தயாராகத் திறந்து வைத்த பிறகே தூண்டில் போட வேண்டும்.

படமெடுக்கும் முறை

1. மீனை நீண்ட நேரம் அலைக்கழிக்காமல் விரைவில் கைவலைக்குள் கொண்டுவர வேண்டும். வலை நீருக்குள்ளேயே இருக்கட்டும்.

2. கைகளை நனைத்த பிறகே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கையும் துணியும் மேலுள்ள வழுவழுப்பை வழித்துவிடும். அவ்விடத்தில் பூஞ்சை பற்றும். செவுளில் விரல் விடக்கூடாது.

3. முள்ளை நீருக்குள்ளேயே கழற்ற வேண்டும். ஆழமாக விழுங்கியிருந்தால் இழுக்காமல், வாயோரம் நரம்பை வெட்டிவிடுவது மேல்.

4. தொட்டி நீரில் மீனை விட்டு, நனைத்த பலகையை அருகில் வைத்து மேலிருந்து படமெடுக்கலாம். புண்ணைக் காட்ட வெளியே தூக்க நேர்ந்தால், தூக்குபவர் தம் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். தமக்கு மூச்சு முட்டுமுன் மீன் நீருக்குள் இருக்க வேண்டும். பத்து விநாடி போதும்.

விடும் முறை

மீனை வீசி எறியாமல், வயிற்றுக்கடியில் கைகொடுத்து நீருக்குள் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். செவுள் மூடி சீராக அசைந்து, தானே வாலடித்துப் புறப்படும்போதே கையை எடுக்கலாம். மறுநாள் காலை குட்டையைச் சுற்றிப் பார்த்து, செத்து மிதப்பது உண்டா எனக் கவனிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: குட்டை மீனைக் குட்டையிலேயே விட வேண்டும், ஓடையில் விடலாகாது. வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி தூண்டிலில் சிக்கினால் அதை எங்கும் திருப்பி விடவே கூடாது. அது ஐயாற்றில் புகுந்தால் நாட்டு மீன்களைத் தின்று பெருகும்.

எடுத்த படத்துடன் நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தையோ மீன்வளத் துறை அலுவலரையோ அணுகி ஆலோசனை பெறலாம்.