சிற்றுதவியும் வியாபாரியும்



கொடை என்ற பேச்சு எழுந்ததும் நம்மவர் நினைவுக்கு முதலில் வருபவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவர்களே. பதினேழாம் நூற்றாண்டில் கடல் வாணிபத்தில் சிறந்து, புலவர்களையும் ஏழைகளையும் ஆதரித்த அந்த மரக்காயரின் பெயர் தமிழ்நாட்டில் பழமொழியாகவே நிலைத்துவிட்டது. அவர் நம்மைப் போல் ஒரு வியாபாரி என்பது நமக்குப் பெருமை தரும் விஷயம். ஆனால் இந்தப் பெருமைக்குள் ஒரு சாக்கும் ஒளிந்துகொண்டிருக்கிறது. "அவருக்குக் கப்பல்கள் இருந்தன, கொடுத்தார். கேமரன் மலையில், ரிங்லெட் சடக்கோரத்தில் ஒரு மளிகைக் கடையை வைத்துக்கொண்டு நாம் என்னத்தைக் கொடுப்பது?" என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்கிறது. இந்தச் சமாதானம் செல்லுமா, செல்லாதா என்பதை ஆராய்வதே இன்றைய பாடம்.

1. மாஊன் என்பது யாது?

திருக்குர்ஆனின் 107-வது சூராவுக்கு "அல்மாஊன்" என்று பெயர். ஏழே ஆயத்துக்கள் கொண்ட சிறிய சூரா. தொழுகையில் நாம் அடிக்கடி ஓதுவது. ஓதுகிறோமே தவிர, அதன் பெயருக்கு என்ன பொருள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

மாஊன் என்பதற்கு ஜகாத் என்று பொருள் கொண்ட விரிவுரையாளர்கள் உண்டு. அண்டை அயலார் ஒருவருக்கொருவர் இரவலாகக் கொடுத்து வாங்கும் சட்டி, கோடரி, வாளி போன்ற புழங்கு பொருள்கள் என்று விளக்கியவர்களும் உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் விளக்கம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆக, அடுப்படிச் சட்டியும் கிணற்றடி வாளியும் ஒரு சூராவின் பெயருக்குள் இடம் பெற்றிருக்கின்றன.

சூராவின் வரிசையைக் கவனியுங்கள். எத்தீமை விரட்டுகிறவன், ஏழைக்கு உணவளிக்கும்படி பிறரைத் தூண்டாதவன், தொழுகையில் அசட்டையாக இருப்பவன், பிறர் காண்பதற்காகச் செய்கிறவன் ஆகியோரைக் கண்டித்துவிட்டு, கடைசியாக மாஊனை மறுப்பவனில் வந்து முடிகிறது. எத்தீமை விரட்டுவது எங்கே, ஒரு வாளி இரவல் கொடுக்காதது எங்கே? இரண்டையும் ஒரே வரிசையில் வைப்பானேன்?

நமக்கு விளங்கும் காரணம் இதுதான். பெரிய தர்மத்தை மறுப்பவனுக்கு ஒரு நியாயம் இருக்கலாம். பணம் இல்லாதிருக்கலாம், கடன் இருக்கலாம். ஒரு பிடி உப்பை மறுப்பவனுக்கு என்ன நியாயம்? கொடுத்தால் குறையாது. வாளியோ மாலையில் திரும்பி வந்துவிடும். அதையும் மறுப்பானாகில், இல்லாதது பணம் அன்று, மனம். பெரிய கொடை பணப்பையைக் காட்டுகிறது. சிறிய உதவி உள்ளத்தைக் காட்டுகிறது.

குழம்பு காய்ச்சினால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குப் போதித்ததாக ஹதீஸில் வந்துள்ளது. இறைச்சியைக் கூட்டச் சொல்லவில்லை, தண்ணீரைக் கூட்டச் சொன்னார்கள். தண்ணீருக்கும் வழியில்லை என்று சொல்வார் யார்? ரமலானில் நம் பெண்மக்கள் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி நாலு வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அது இந்தப் போதனையின் வழி வந்த வழக்கமேயாகும்.

2. முதலில் தராசு, பிறகு கொசுறு

வியாபாரிக்கு இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகக் கொடுப்பது நம் கடைகளின் பழைய பண்பு. குழந்தையின் கையில் ஒரு மிட்டாய் வைப்பதும் அப்படியே. ஆனால் அளவிலும் நிறுவையிலும் குறைப்போருக்குக் கேடு என்றே 83-வது சூரா தொடங்குகிறது. தராசில் ஐம்பது கிராமை எடுத்துக்கொண்டு கறிவேப்பிலையை இனாமாகக் கொடுப்பவன் உதவி செய்யவில்லை. எடுத்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறான், அவ்வளவே. நீதி முதல் படி, தயவு இரண்டாம் படி. முதல் படியில் கால் வைக்காதவன் இரண்டாம் படியில் நிற்க முடியாது.

3. தேவையை முதலில் அறிபவர் யார்?

சிற்றுதவி செய்ய விரும்புவோர் பலர். எங்கே செய்வது என்று தெரியாமல் நிற்போரும் பலர். ஆகவே முதல் வேலை, தேவையைக் கண்டுபிடிப்பது.

2021-ம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொரோனாத் தொற்றினால் நடமாட்டக் கட்டுப்பாடு நீண்டுகொண்டே போய், அன்றாடக் கூலிக்காரர் பலர் வருமானமின்றித் தவித்தார்கள். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் மலேசியாவில் வெள்ளைக்கொடி இயக்கம் எழுந்தது. உணவுக்கு வழியில்லாத வீட்டார் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும். கண்டவர்கள் அரிசியும் எண்ணெயும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இனம், மதம் பாராமல் மக்கள் உதவிய செய்திகளை அப்போது நாமெல்லாம் கேட்டு மகிழ்ந்தோம். மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் நம்மை உறுத்த வேண்டும். ஒரு மனிதன் தன் மானத்தை வாசலில் கட்டித் தொங்கவிடும் வரையில், அவன் நிலைமை அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாமலா இருந்தது?

ஒருவருக்குத் தெரிந்திருக்கும். அவர் கடைக்காரர்.

பத்துக் கிலோ அரிசி மூட்டை வாங்கியவர் இரண்டு கிலோவாகக் கேட்கத் தொடங்குவதை முதலில் காண்பவர் அவரே. பால்மாவு டின்னைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும் தாயை அவர் காண்கிறார். முன்பெல்லாம் கல்லாவின் அருகில் நின்று நாலு வார்த்தை பேசிப் போனவர், இப்போது கடைப் பையன் மட்டும் இருக்கும் நேரம் பார்த்து வருகிறார். இவையெல்லாம் கடைக்காரர் கண்முன் பறக்கும் வெள்ளைக்கொடிகள் அல்லவா? பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும், சங்கத்துக்கும், சர்க்காருக்கும் எட்டாத செய்தி நம் கடைப் பலகைக்கு முதலில் எட்டுகிறது. அறிந்தவனுக்குப் பொறுப்பு அதிகம்.

4. 555 புத்தகம்

நம் நாட்டு மளிகைக் கடைகளில் கடன் எழுதப் பயன்பட்ட, சட்டைப் பைக்குள் அடங்கும் 555 புத்தகத்தை அறியாதவர் யார்? மலாய்க்காரர்கள் அதை "புக்கு தீகா லீமா" என்பார்கள். ரிங்லெட் பக்கத்தில் ஹாபுவில் 1929-ல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. அந்நாளில் காட்டை வெட்டிக் கொழுந்து பறித்தவர்களில் நம் தமிழ் மக்களே மிகுதி. எடை பார்த்துக் கூலி பெறுகிறவருக்குக் கொழுந்து குறைந்த மாதத்தில் கூலியும் குறையும். அடுப்பு அதை அறியாது. சம்பளத்துக்கும் பசிக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் பாலமாக நின்றது கடைக்காரரின் கடன் கணக்கே.

கடனைப் பற்றி மார்க்கம் சொல்வதென்ன? சூரா பகராவின் 282-வது ஆயத்து, தவணைக் கடனை எழுதி வைத்துக்கொள்ளக் கட்டளையிடுகிறது. குர்ஆனிலேயே நீளமான ஆயத்து அதுதான். அதற்குச் சற்று முன்னுள்ள 280-வது ஆயத்து, கடன்பட்டவன் சிரமத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கவும், தள்ளிவிடுவது அதனினும் மேல் என்றும் போதிக்கிறது. எழுதுவதும் கடமை, பொறுப்பதும் குணம். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் 281-வது ஆயத்து, எல்லோரும் அல்லாஹ்விடம் மீண்டு முழுக் கணக்கும் தீர்க்கப்படும் நாளை நினைவூட்டுகிறது. வியாபாரியின் பேரேட்டுக்கு நடுவில் இன்னொரு பேரேடு இருப்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்க முடியுமா?

கடன் கொடுத்து வந்த முற்காலத்து வியாபாரி ஒருவரைப் பற்றி ஹதீஸ் ஒன்று கூறுகிறது. வசூலுக்குப் போகும் ஆளிடம், கஷ்டப்படுபவரைக் கண்டால் விட்டுக்கொடுக்கும்படி அவர் சொல்லி வந்தாராம். அதன் பொருட்டு அல்லாஹ் அவரையும் மன்னித்தான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அவர் பள்ளிவாசல் கட்டியதாக அங்கே சொல்லப்படவில்லை. கைச்சீட்டைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவே.

"நமக்கும் மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய பணம் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. கடையைக் கவிழ்த்து உதவி செய்யும்படி யாரும் சொல்லவில்லை. கடை கவிழ்ந்தால் நாளை கடன் கொடுக்க ஆளிராது. ஆனால் பணம் செலவில்லாத உதவிகள் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கின்றன. கடனுக்கு வாங்குபவருக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை என்று வைக்காதிருப்பது. நாலு பேர் முன்னிலையில் பாக்கியைச் சத்தமாகச் சொல்லாதிருப்பது. மகனை அழைத்து வந்திருக்கும் தகப்பனிடம் அப்போது கேட்காதிருப்பது. மொத்தமாகக் கட்ட முடியாதவரிடம் மாதம் பத்து வெள்ளியாக வாங்கிக்கொள்வது. இவற்றில் எதற்கு முதல் போட வேண்டும்?

5. சுமைதாங்கிக் கல்

நம் பெரியோர் வாழ்ந்த தமிழ்நாட்டுக் கிராமங்களில், வழியோரத்தில் இரண்டு கற்களை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தி வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடப்பவர், இறக்கவும் ஏற்றவும் துணை தேடாமல், நின்றபடியே சுமையை அதன்மேல் தள்ளி இளைப்பாறலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றை நிறுவும் வழக்கம் இருந்தது. பினாங்கில் காவடித் தண்டு சுமந்து சோறு விற்று, "நாசி கண்டார்" என்ற பெயரையே உண்டாக்கிய நம் முன்னோருக்குத் தோள்வலி என்னவென்று தெரியும்; அக்கல்லின் அருமையும் தெரிந்திருக்கும்.

அந்தக் கல்லிடம் ஒரு குணம் உண்டு. சுமையை இறக்கியவரிடம் அது பெயர் கேட்பதில்லை. நன்றி வாங்க அதன் பக்கத்தில் யாரும் நிற்பதும் இல்லை. இன்றோ, ஐந்து கிலோ அரிசி கொடுத்துவிட்டுப் பெறுபவரைப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்துக் கைத்தொலைபேசியில் ஊரெல்லாம் அனுப்புகிறோம். அரிசி பத்து நாளில் தீர்ந்துவிடும், படம் தீராது. அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைக் காண நேர்ந்தால், நாம் கொடுத்தது அதிகமா, எடுத்தது அதிகமா?

6. பகிர்வதும் பறைசாற்றுவதும்

அப்படியானால் நற்செயலைப் பேசவே கூடாதா? கூடும், பேசவும் வேண்டும். அல்மாஊன் சூராவின் மூன்றாம் ஆயத்து, ஏழைக்கு உணவளிக்கும்படி பிறரைத் தூண்டாதவனைக் கண்டிக்கிறது. ஆறாம் ஆயத்து, காட்சிக்காகச் செய்கிறவனைக் கண்டிக்கிறது. தூண்டாதிருப்பதும் குற்றம், காட்டிக்கொள்வதும் குற்றம். இரண்டுக்கும் நடுவே வழி ஒன்று இருக்கத்தான் செய்கிறது: பிறர் செய்த உதவியைச் சொல்லுங்கள், நீங்கள் செய்ததை மறையுங்கள், பெற்றவரின் பெயரை எந்த நிலையிலும் சொல்லாதீர்கள். நமக்கு ஒருவர் செய்த உதவியை எடுத்துரைப்பது நன்றி. நாம் செய்ததை எடுத்துரைப்பது ரியா.

7. யாருக்குச் செய்வது?

இன்று தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் உழைக்கிறார்கள். பாஷை தெரியாமல், மருந்துச் சீட்டையோ ஒரு பாரத்தையோ கையில் வைத்துக்கொண்டு நம் கடை வாசலில் தயங்கி நிற்பவர்கள் அவர்கள். நம் பாட்டனார் கப்பலிறங்கிய நாளில் இப்படித்தான் நின்றிருப்பார். அந்தச் சீட்டை வாசித்துச் சொல்வதும், மழை விடும் வரை உள்ளே நிற்கச் சொல்வதும் இக்காலத்து மாஊன்.

2013 அக்டோபர் 23-ல் சுல்தான் அபூபக்கர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமுமாகப் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2014 நவம்பரிலும் ரிங்லெட் பகுதியை வெள்ளமும் மண்சரிவும் வருத்தின. சேற்று வெள்ளம் இனம் கேட்டு வருவதில்லை. அப்படிப்பட்ட நாளில் அண்டை வீட்டுக் கதவைத் தயங்காமல் தட்ட வேண்டுமானால், அந்தக் கதவு சாதாரண நாட்களில் ஒரு பிடி உப்புக்குத் திறந்திருக்க வேண்டும். சிற்றுதவி பேருதவிக்குப் பாதை போடுகிறது.

பயிற்சி

(அ) அல்மாஊன் சூராவின் ஏழு ஆயத்துக்களையும் பொருளோடு வீட்டாருக்கு வாசித்துக் காட்டுக.

(ஆ) உங்கள் கடன் புத்தகத்தை ஒருமுறை புரட்டுக. வழக்கத்தைவிடக் குறைவாக வாங்கத் தொடங்கியவர், சில வாரங்களாக வராமலே நின்றுவிட்டவர் யார் யார்? ஒருவரையேனும் மறைவாக விசாரிக்கவும்.

(இ) அடுத்த ஜும்ஆவுக்குப் பின் கூடும்போது, பிறர் செய்யக் கண்ட ஒரு சிற்றுதவியைப் பெற்றவர் பெயர் இன்றிச் சொல்லத் தயாராக வருக.

சீதக்காதி வள்ளலின் கப்பல்கள் நமக்கு வாய்க்கவில்லை. உப்புச் சாடியும், தராசும், சட்டைப் பையளவு ஒரு புத்தகமும் வாய்த்திருக்கின்றன. நம்மிடம் கேள்வி கேட்கப்படுவது, இருப்பதைப் பற்றியே. கேட்போருக்குச் சிறு பொருளை மறுக்காத கைகளாக நம் கைகளை ஆக்கி, நம் வியாபாரத்தில் பரக்கத்துச் செய்வானாக! ஆமீன்.