வேண்டுதல் யாருடையது?

ஆர்.கே.பேட்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. போனில் பேசினால் நீயும் நானும் கத்திக்கொள்வோம், நடுவில் உன் அம்மா, என் அக்கா, அழுவாள், பேச வந்தது பேசாமலே போய்விடும். அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

உன் பாப்பாவுக்குத் திருத்தணி மலையில் மொட்டை அடிக்க மாட்டேன், காது குத்த மாட்டேன், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது மதம் என்கிற இடத்தில் ஒன்றும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "தாய்மாமன் நீ சொன்னா கேப்பான்" என்கிறாள். நீயோ எனக்குத் தனியாக ஒரு நீள மெசேஜ் போட்டிருக்கிறாய்: மனுஷனுக்கு மதம் தேவையா மாமா, மழுப்பாம சொல்லுங்க. சொல்கிறேன். அக்காவுக்கு வக்கீலாக வரவில்லை, உனக்கும் இல்லை.

யோக்கியமாக வாழ மதம் தேவையில்லை. இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. தறி, பாவு, நூல் என்றே காலம் கழித்தவன் நான். நெற்றி நிறைய விபூதிப் பட்டையோடு வந்து நூல் எடையில் கை வைத்தவரைப் பார்த்திருக்கிறேன். மலைப்படியில் ஒருநாளும் கால் வைக்காத கறுப்புச் சட்டைக்காரர், எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் பாடை கட்ட முதல் ஆளாக வந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். சாமி பயம் இல்லையென்றால் மனுஷன் கெட்டுப்போவான் என்று அக்கா சொல்வது, யாரோ சொல்லிக் கேட்டதைத் திருப்பிச் சொல்வது. அவளே அந்தக் கறுப்புச் சட்டைக்காரரிடம்தான் நகைச்சீட்டை நம்பிக் கொடுத்து வைத்திருந்தாள்.

டென்மார்க், ஸ்வீடன் பற்றி எழுதியிருந்தாய். தேவாலயத்துக்குப் போகிறவர்கள் குறைவு, ஆனாலும் ஊர் ஒழுங்காக இருக்கிறது என்று. சரிதான். அங்கே வேலை போனால் கைக்குப் பணம் வருகிறது, நோய் வந்தால் பெரும்பங்குச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது, வயதானால் பென்ஷன். இங்கே நூல் விலை ஏறினால் தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும், கூலி நின்றால் வட்டிக்காரன் வாசலில் நிற்பான். அப்படிப்பட்டவன் மலைப்பக்கம் திரும்பிக் கும்பிடுவதை மூடத்தனம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதே. பிழைப்பில் பயம் குறைந்த நாடுகளில் கோயில் கூட்டமும் குறைகிறது என்று சமூகவியல் படித்தவர்கள் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் பயம் மட்டும்தான் ஆளை மலை ஏற்றுகிறது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆடிக் கிருத்திகைக்கு நம் சாலையில் போகிற கூட்டத்தை நீ பார்த்து வளர்ந்தவன். பூக்காவடி, மஞ்சள் வேட்டி, அரோகரா சத்தம். சித்தூர், நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு வருகிறவர்களும் நம்மவர்களும் கலந்து போவார்கள். 1953-இல் ஆந்திரா பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி, படாஸ்கர் எல்லை பிரித்துக் கொடுத்து, 1960 ஏப்ரல் 1-இல் இந்தப் பக்கம் வந்தது. திருப்பதி அங்கேயே நின்றது. அத்தனை சண்டைக்குப் பிறகும் காவடிக்காரன் எந்த மாநிலம் என்று யாரும் கேட்டதில்லை. நடக்கிறவனை நிறுத்தி, "கடவுள் உண்டா?" என்று கேட்டுப் பார். தண்ணீர் பாட்டிலை உன்னிடம் நீட்டுவான். புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளை இல்லாதவள், கடன்காரன், சும்மா கூட்டத்துக்காக வந்த பையன், எல்லாரும் ஒன்றாக நடக்கிறார்கள். தன் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் நடுவில் நடக்க ஒரு வழி இருக்கிறது. அதை நீ எதை வைத்து ஈடுகட்டப் போகிறாய் என்பதுதான் நான் உன்னைக் கேட்பது.

வள்ளலாரை நினைத்துப் பார். சின்ன வயதில் சென்னை ஏழுகிணறு வீட்டில் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தபோது தணிகை முருகன் அதில் தெரிந்தான் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். நம் மலைமேல் அவர் பாடிய பதிகங்கள் திருவருட்பாவில் எத்தனையோ. அதே மனிதர் 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடி கட்டிப் பேசியபோது, வேதம், ஆகமம், சமயம், மதம் எதிலும் பற்று வைக்க வேண்டாம் என்றார். தனக்கே முன்பு சைவத்தில் அளவில்லாத பற்று இருந்தது, இப்போது இல்லை என்றும் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொன்னார். உனக்குப் பிடித்த பேச்சுதான். ஆனால் அதற்கு முன் என்ன செய்தார் பார். 1867 மே 23-இல் வடலூரில் தருமச்சாலை திறந்து அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பை இன்று வரை அணையவிடாமல் வைத்திருக்கிறார்கள். வந்தவனிடம் சாதியும் கேட்பதில்லை, மதமும் கேட்பதில்லை, இலை போட்டுவிடுகிறார்கள். மதத்தை விடுங்கள் என்று சொல்வதற்கு ஆறு வருஷம் முன்பே சோற்றுக்கு வழி செய்துவிட்டார். நம்மில் பலர் முதலில் விடுகிறோம், அப்புறம் அந்த இடத்தில் ஒன்றும் வைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தூக்கமும் செல்போனும்தான் மிச்சம்.

பெரியாருக்கு 1904-இல் காசியில் நேர்ந்ததையும் நீ படித்திருப்பாய். தமிழ்நாட்டு வணிகர் கட்டிய சத்திரத்திலேயே பிராமணர் அல்லாதவர் என்று பசியோடு வெளியே தள்ளினார்கள். எச்சில் இலையில் இருந்ததைச் சாப்பிட்டார் என்று அவர் வரலாறு சொல்கிறது. தருமச்சாலை போட்ட சோறும் மதத்தின் பெயரால் மறுத்த சோறும் இரண்டும் நம் கதைதான். மதம் நல்லதா கெட்டதா என்று தத்துவம் பேசுகிறவர்களை நான் பந்திக்கு அழைத்துப் போவேன். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் வாசலில் நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

வாசலில் நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயில் நுழைவுச் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போனது 2023 ஜனவரி 30-இல், போலீஸ் பாதுகாப்போடு. அதே வருஷம் ஜூனில் விழுப்புரம் பக்கம் மேல்பாதி திரௌபதியம்மன் கோயிலில் இதே தகராறு முற்றி, கோயிலுக்கே சீல் வைத்தார்கள். நம் தெருவில் திரௌபதியம்மன் கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்தவர்கள் நாம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் கோயில் பக்கமே போகவில்லை.

ஏர்வாடியை நீ எழுதவில்லை, நான் எழுதுகிறேன். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் செத்துப்போனார்கள். தர்காவுக்குக் கூட்டிப்போனால் குணமாகும் என்று வீட்டார் கொண்டுவந்து விட்டவர்கள். நம் பக்கத்துச் சோளிங்கரிலும் தக்கான் குளத்தில் முழுக வைத்து, ஆஞ்சநேயர் மலையடியில் நாள் கணக்கில் தங்க வைப்பார்கள். தங்கட்டும், மனசுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூட்டிப்போனால் சண்டை போடு. அப்போது நானும் உன் பக்கம் நிற்பேன். வைத்தியம் செய்ய வேண்டிய இடத்தில் சாமியை நிறுத்துவது சாமிக்கே ஆகாது.

கேள்வி கேட்பதைப் பற்றியும் ஒன்று. ராதாகிருஷ்ணன் பெயரைச் சொன்னால் டீச்சர்ஸ் டே என்பாய். 1888-இல் திருத்தணியில் பிறந்தவர், திருப்பதியிலும் வேலூரிலும் சென்னையிலும் கிறித்தவ மிஷன் பள்ளி, கல்லூரிகளில் படித்தார். அங்கே தன் மதத்தைக் குறைசொல்லக் கேட்டுக் கேட்டுத்தான் அதை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். கேள்வி கேட்டால் மதம் போய்விடும் என்று பயப்படுகிற அக்காவுக்கு இதைச் சொன்னேன். "அவரு பெரிய படிப்பு, என் புள்ள கம்ப்யூட்டர் படிப்பு" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

இனி மதம் எழுதும் அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதத்தைக் குறிப்பிடாமல் விடலாம் என்று 1973-லேயே தமிழ்நாட்டு அரசாணை இருக்கிறது. 2019 பிப்ரவரியில் திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா, சாதி மதம் அற்றவர் என்று தாசில்தாரிடம் சான்றிதழே வாங்கினார். அவருடைய அப்பா அம்மாவும் பள்ளியில் சேர்க்கும்போது அந்த இடத்தைக் காலியாகவே விட்டவர்கள். நீயும் விடு, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் விடுவதானால் முழுசாக விடு. மதம் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, சாதிச் சங்க வாட்ஸ்அப் குரூப்பில் திருமண வரன் பார்க்கிற ஆட்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வீரபாகு வழி வந்தோம், முருகனுக்கே தளபதிகள் என்று நெசவாளர் நடுவில் ஒரு பழைய பெருமை உண்டு. முருகனை விட்டவன்கூட அந்தப் பெருமையை விடுவதில்லை. பாப்பா நாளைக்கு வேறு சாதிப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தால் நீ என்ன சொல்வாய் என்பதில்தான் நீ விட்டாயா இல்லையா என்று தெரியும். அது சான்றிதழில் தெரியாது. சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் இட ஒதுக்கீடும் கிடையாது. அதையும் இப்போதே கணக்குப் போட்டு முடிவெடு. அவள் பன்னிரண்டாவது படிக்கும்போது தாசில்தார் ஆபீசுக்கு ஓடாதே.

மொட்டை. குழந்தையைக் கேட்காமல் தலைமுடியை எடுப்பது அநியாயம் என்கிறாய். கேட்காமல்தான் பெயர் வைத்தாய், கேட்காமல்தான் தடுப்பூசி போட்டாய். முடி வளரும். இருந்தாலும் உன் வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: வேண்டிக்கொண்டவள் ஒருத்தி, தலை இன்னொருத்தியுடையது.

அக்கா எப்போது வேண்டிக்கொண்டாள் என்பது உனக்குத் தெரியுமா? பாப்பா பிறந்த ராத்திரி பிரசவ வார்டு வாசலில். டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகு நீ ரத்தத்துக்கு ஆள் தேடிப் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாய். நான் பணம் புரட்டப் போனேன். அக்காவுக்குச் செய்ய ஒன்றுமில்லை. முந்தானை ஓரத்து மஞ்சளில் ஒரு ரூபாயை முடிந்து, மலை இருக்கிற திசை தெரியாமல் ஒரு நர்ஸிடம் கேட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். மருமகளையும் பாப்பாவையும் காப்பாற்றியது டாக்டரும் ரத்தம் கொடுத்த பையன்களும். அன்று ராத்திரி அக்காவைக் காப்பாற்றியது அந்த ஒரு ரூபாய். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டா என்று நீ அடிக்கடி கேட்பாய். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது கிடையாது. அந்த வராந்தாவில் இருந்தது. இரண்டும் பொய்யில்லை.

அதனால்தான் சொல்கிறேன், மனுஷனுக்கு மதம் தேவையா என்று மொத்தமாகக் கேட்காதே. உனக்குத் தேவையில்லை, சரி. அக்காவுக்குத் தேவையா என்பதை நீ முடிவு செய்ய முடியாது. உனக்குத் தேவை என்று அவளும் முடிவு செய்ய முடியாது, அதை அவளிடம் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் கேட்டேன். "வேண்டுதல் உன்னுது, முடியும் நீயே குடுத்துடேன். பாப்பாவ விட்டுடு." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தரேன். ஆனா அவன் கூட வரணும்" என்றாள். அவளுக்கு வேண்டியது என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 2021-லிருந்து மொட்டைக்குக் கட்டணம்கூட இல்லை. அவள் கேட்பது செலவும் இல்லை, சடங்கும் இல்லை. காது குத்தும் விஷயத்தை விட்டுவிடலாம். பாப்பா பள்ளிக்கூடம் போனால் அவளே கம்மல் கேட்டு அழுவாள், அதற்கு எந்த மதமும் வேண்டாம்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் வேண்டாம், கைக்குழந்தைக்கு ஆகாது. செவ்வாயும் கிருத்திகையும் இல்லாத ஒரு நாளாகப் பார். மேலே கார் போகும். ஆனால் முட்டி வலியோடு 365 படியும் ஏறுவேன் என்று அக்கா அடம்பிடிப்பாள். நீ பக்கத்தில் இரு. சன்னதிக்குள் வர இஷ்டமில்லையென்றால் வெளியே நில், உன்னை யாரும் இழுக்க மாட்டார்கள். விபூதி கொடுத்தால் வாங்கிக் கையில் வைத்துக்கொள், முகத்தைச் சுளிக்காதே. அன்னதானத்துக்கு மட்டும் எங்களோடு வந்து உட்கார்.

இதையெல்லாம் அக்காவிடம் நீயே பேசு. நான் தூது போக மாட்டேன். தேதி வைப்பதற்கு முன் மருமகளையும் கேள். இவ்வளவு நீளமாக எனக்கு எழுதினாய், பெற்றவள் அவள், அவளுக்கு என்ன விருப்பம் என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

இப்படிக்கு,
உன் மாமா