உட்கார்ந்திருப்போரை ஆடுகளத்திற்கு அழைக்கும் வழி

பொதட்டூர்பேட்டையில் தறி நெய்யும் அங்கத்தினரிடம் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசினால், "நாள் முழுதும் உழைக்கிறோமே, அது போதாதா?" என்று அவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. எனினும், உழைப்பு வேறு. உடல் முழுதும் இயங்குதல் வேறு. குழித்தறியில் அமர்ந்தவருக்குக் கையும் காலும் ஓயாது அசைகின்றன. முதுகோ வளைந்தபடியே இருக்கிறது. விசைத்தறியில் பெரும்பகுதி வேலையை இயந்திரமே செய்துவிடுகிறது. தார் சுற்றும் பெண்கள் ஓரிடத்திலேயே பொழுதைக் கழிக்கின்றனர்.

முன்னாளில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்கும்போது, அக்கம்பக்கத்தார் கூடி அதன் இருபுறமும் பன்முறை நடந்தனர். கஞ்சி போட்ட பாவு ஆலையிலிருந்தே வந்து சேரும் இடங்களில் அந்த நடையும் நின்றது. அந்தக் கூட்டமும் கலைந்தது.

அசைவின்மை உடலுக்குக் கேடு என்பதை 1953-ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். இரண்டடுக்குப் பஸ்களில் உட்கார்ந்தே இருந்த டிரைவர்களைவிட, படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. வயது வந்தோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமாக உடலை இயக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இவ்வளவைக்கூட எட்டவில்லை. அவர்களுள் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி.

ஆயினும், "நடவுங்கள்" என்னும் உபதேசத்தால் மட்டும் எவரும் எழுந்துவிடுவதில்லை. வெட்கமும் தனிமையும், "இந்த வயதில் விளையாட்டா?" என்னும் எண்ணமும் தடுக்கின்றன. இத்தடையை நீக்க ஸ்காட்லாந்தில் ஒரு வழி கண்டனர். 35 முதல் 65 வயதுவரையுள்ள பருத்த உடலினரான ஆண்களை, அவர்கள் அபிமானிக்கும் கால்பந்துக் கழகங்களின் மைதானத்திற்கே அழைத்து, வாரம் ஒருமுறையாக 12 வாரம் பயிற்சி அளித்தனர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெறாதோரைவிட இவர்கள் சராசரியாக ஏறக்குறைய 5 கிலோ எடை கூடுதலாகக் குறைந்திருந்தனர். இம்முடிவு 2014-இல் வெளியாயிற்று. தம்மையொத்தவர்களின் கூட்டமே அவர்களை ஈர்த்தது.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. தனியே ஒரு தெருவைக்கூட நடக்கத் தயங்குபவர், ஆடிக்கிருத்திகையன்று கூட்டத்தோடு கூட்டமாகத் திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறிவிடுகிறார் அல்லவா?

தமிழக அரசு 2023 நவம்பர் 4-ஆம் நாள் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கிற்று. நற்செயலே, ஆனால் நெடுநாள் அசையாதிருந்தவருக்கு முதற்படி இன்னும் சிறியதாக இருத்தல் வேண்டும். அதைச் சங்கம் அமைக்கலாம்:

1. நூல் வாங்கவும் துணி கொடுக்கவும் அங்கத்தினர் வரும் நாளில், முதலில் பத்து நிமிடம் சேர்ந்து நடப்பது. பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டுவது.

2. வளையப்பந்து போன்ற எளிய ஆட்டங்களுக்குச் சீட்டுக் குலுக்கிக் குழு பிரிப்பது. வென்றவருக்கன்றி, தவறாமல் வந்தவருக்கே பாராட்டு.

3. பெண்களுக்கு அவர்களே தேர்ந்த இடமும் நேரமும். கும்மியும் கோலாட்டமும் சிறந்த பயிற்சிகளே.

4. பயிர்த்தொழில் செய்வோருக்கு வேலை குறைந்த பருவத்தில் ஏற்பாடு.

5. இருதய நோய், நீரிழிவு, மூட்டுவலி உள்ளோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குதல்.

இவற்றிற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. இருவாரம் வராதவரின் வீட்டுக்குச் சென்று, "ஏன் அண்ணா வரவில்லை?" என்று அன்போடு கேட்கும் ஒருவரே வேண்டும். சமுதாய நலனில் அக்கறை, 1995 முதல் கூட்டுறவின் ஏழாவது கொள்கையாக விளங்குகிறது. கடனையும் நூலையும் கூடிப் பெறும் நாம், உடல்நலத்தையும் கூடியே பெறுவோமாக.

கூடி ஆராய்வதற்குரிய வினாக்கள்:

நம் சங்கத்தில் வீட்டைவிட்டு வெளிவராத அங்கத்தினர் யாவர்? அவர்களைத் தடுப்பது யாது? அவர்களை அழைத்துவர நம்மில் எவர் செல்வது?