போடியின் மரவீடுகள்: சாயம் எங்கே, எவ்வளவு

தேனிப் பக்கத்துப் போடி இல்லை. இது கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலைக்குக் கிழக்கே, 8,300 அடிக்கு மேல் ஆளில்லாமல் நிற்கும் போடி. 1859-இல் தங்கம் கிடைத்தது. 1880 வாக்கில் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். தங்கம் குறைந்ததும் ஊர் காலியானது. 1962-இல் அதை மாநிலப் பூங்காவாக்கினார்கள். வீடுகளைப் புதுப்பிக்க மாட்டார்கள், விழவும் விட மாட்டார்கள். நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் ஒன்றைப் பார்க்கிறேன்: படத்தை அருமையாக எடுப்பார்கள், வீட்டுக்கு வந்ததும் அதன்மேல் செபியா என்ற பழுப்புச் சாயத்தைக் கொட்டிக் கெடுப்பார்கள்.

சாப்பாடு, பெட்ரோல் இரண்டும் அங்கே கிடைக்காது. எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். கடைசி 3 மைல் மண்சாலை. பிறகு நிறத்தை மாற்ற வசதியாக, படத்தை ரா கோப்பாக எடுங்கள்.

கோடையில் காலை 9 முதல் மாலை 6 வரைதான் அனுமதி. விடியலின் பொன்வெயிலும் அந்தி வெயிலும் நமக்கு இல்லை. அதற்காக உச்சிவெயிலைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம், சுவரைப் பாருங்கள். பலகைகள் படுக்கைவாட்டில் அடித்திருந்தால் தலைக்கு மேலிருக்கும் வெயில்தான் சரி. ஒவ்வொரு பலகையின் கீழ்விளிம்பிலும் கோடு போட்டதுபோல் நிழல் விழும். செங்குத்தாக அடித்திருந்தால், வெயில் பக்கவாட்டில் சுவரை உரசும் நேரம் வரை காத்திருங்கள். பிறகு கிட்டே போங்கள். மரத்தின் மென்மையான பகுதி காற்றிலும் பனியிலும் கரைந்து, கடினமான ரேகைகள் மட்டும் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். ஆணித்தலையிலிருந்து துரு ஒழுகிய கோடு இருக்கும். சாயம் பூசிய பிறகும் இந்த ரேகை படத்தில் நிற்க வேண்டும். அதனால் வெளிச்சப் பகுதி வெளுத்துப்போகாமல் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள்.

இனி சாயம். முதல் தவறு, வண்ணப் படத்தின் மேலேயே செபியாவைப் போடுவது. வறண்ட மலைக்காற்றில் போடியின் மரம் பல சுவர்களில் ஏற்கெனவே பழுப்பேறித்தான் இருக்கிறது. பழுப்பின் மேல் பழுப்பு பூசினால் சேறுதான் மிஞ்சும். முதலில் கருப்பு வெள்ளையாக்குங்கள். ஆரஞ்சு, மஞ்சள் ஸ்லைடர்களை ஏற்றினால் மரம் ஒளிரும். நீலத்தை இறக்கினால் வானம் கறுக்கும். ஆனால் நீலத்தை அளவுக்கு மீறி இறக்கினால் கூரை விளிம்பில் ஒரு வெள்ளைக்கோடு முளைக்கும். அது தெரிந்தவுடன் நிறுத்துங்கள்.

இரண்டாவது தவறு, படம் முழுக்க ஒரே சாயம். இருட்டறையில் செபியா செய்தவர்களுக்கு இது புரியும். பிரிண்டை ப்ளீச்சில் போட்டால் வெளிச்சப் பகுதி முதலில் வெளுக்கும், அடர்ந்த கறுப்பு கடைசியாகத்தான் வெளுக்கும். பாதியில் எடுத்துக் கழுவி சல்ஃபைடில் போட்டால் வெளுத்த இடம் மட்டும் பழுப்பாகும், நிழல் கறுப்பாகவே நிற்கும். படத்துக்கு ஆழம் அப்படித்தான் வரும். லைட்ரூம் மென்பொருளின் கலர் கிரேடிங்கில் அதையே செய்யுங்கள்: ஹைலைட்டுக்கு மட்டும் வெதுவெதுப்பான நிறம், ஹியூ 40 பக்கம். நிழலை அப்படியே விடுங்கள், அல்லது 220 பக்கம் நீலத்தை லேசாகக் காட்டுங்கள். பச்சையைத் தொடவே வேண்டாம். மரத்தில் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும், போடியில் அந்த ஈரம் கிடையாது.

அளவில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கண் சீக்கிரம் பழகிவிடுகிறது. பழகப் பழகப் போதவில்லை என்று தோன்றும், இன்னும் கொஞ்சம் ஏற்றுவோம். என் வழி இது: சாச்சுரேஷனை முதலில் 100-க்குக் கொண்டுபோய், நிறத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிறகு பூஜ்யத்துக்கு இறக்கி மெல்ல ஏற்றுங்கள். சாயம் போதும் என்று தோன்றிய எண்ணைக் குறித்துக்கொண்டு அதில் பாதியில் வையுங்கள். எனக்குப் பெரும்பாலும் ஹைலைட்டில் 10, நிழலில் 5 அளவில்தான் நிற்கும். சாயமில்லாத பிரதியைப் பக்கத்திலேயே திறந்து வையுங்கள். அது இல்லாமல் நானும் ஏமாந்திருக்கிறேன்.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் முன்பு கருப்பு வெள்ளைப் படத்தின் மேல் தூரிகையால் சேலைக்கரைக்கும் பொட்டுக்கும் வண்ணம் தீட்டுவார்களே, அந்த வேலையில் எனக்கு மிகப் பிரியம். போடியில் துருப்பிடித்த தகரத்துக்கு அது பொருந்தும். பழைய தகர டப்பாக்களைத் தட்டி விரித்துச் சுவரில் அறைந்திருக்கிறார்கள். அங்கே மட்டும் பிரஷ்ஷை எடுத்து, மிக மெலிதாக, செங்கல் நிறத்தை ஒருமுறை தடவுங்கள். படத்துக்கு ஒரே ஓர் இடம், அதற்கு மேல் வேண்டாம்.

ஒரு ராத்திரி தள்ளிவைத்துக் காலையில் பாருங்கள். அச்சுக்கு மேட் காகிதம்தான். பளபளக்கும் காகிதத்தில் அறையின் விளக்கு பிரதிபலித்து ரேகைகளை மறைத்துவிடும். முழுப்படத்தை அடிக்குமுன், ஆணியும் ரேகையும் உள்ள ஒரு துண்டை மட்டும் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். துருக்கோடு மரத்திலிருந்து பிரிந்து தெரிந்தால், அடித்துவிடலாம்.